மாஃபாத்துக்கு வழிகாட்டி தேவையா? மூணு நாள் நடந்து பார்த்துட்டு எழுதறேன்

போன ஜூன்ல ரீயூனியன் தீவுல இருக்கற மாஃபாத் பள்ளத்தாக்குக்குப் போயிட்டு வந்தோம், நானும் என் வீட்டுக்காரரும் காரைக்கால்ல இருந்து வந்திருந்த என் மாமாவும். மாமான்னா மாமனார், 64 வயசு, விவசாய இலாகால வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நாங்க இந்தத் தீவுல சேன்தெனி ஊருக்குக் குடிவந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு, இங்க உள்ள நம்ம ஆளுங்க நெறைய பேர் மாஃபாத்தை மாய்தோங்கற மலை விளிம்பு மேல நின்னு எட்டிப் பார்த்து போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க, உள்ள இறங்கினவங்க கம்மி. இறங்கணும்னு நினைக்கறவங்க எல்லாம் என்கிட்ட கேக்கற கேள்வி ஒண்ணுதான், காசு குடுத்து வழிகாட்டி வெக்கணுமா, நாமளே போயிடலாமா? அதுக்காகத்தான் இந்த ரிவ்யூ.

வழி கண்டுபிடிக்க மட்டும்னா வழிகாட்டி வேண்டாம். நேராவே சொல்லிடறேன். பாதை எல்லாம் தெளிவா இருக்கு, பிரிவுக்குப் பிரிவு பலகை இருக்கு, எத்தனை மணி நேரம் ஆகும்னும் எழுதியிருக்கு, பாறைலயும் மரத்துலயும் வெள்ளை சிவப்பு கோடு போட்டிருக்காங்க. ஆனா நாங்க கூட்டிட்டுப் போனவர் காட்டினது வழி இல்ல, அந்த மலையை எப்படி பார்க்கணும்னு காட்டினார், அதுக்கு நான் குடுத்த காசு எனக்கு கொஞ்சம்கூட உறுத்தல.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ரீயூனியன் நடுவுல பித்தோன் தே நேஜ்னு 3,070 மீட்டர் உயர அணைஞ்ச எரிமலை, அதைச் சுத்தி மூணு பெரிய கிண்ணம் மாதிரி பள்ளத்தாக்கு, சிலாவோஸ், சலாஸி, மாஃபாத். முதல் ரெண்டுக்கும் ரோடு இருக்கு. மாஃபாத்துக்கு இல்ல. ரிவியேர் தே கலே ஆத்துக்கு மேல சரிவு சரிவா தொங்கிட்டு இருக்கற சின்னச் சின்ன ஊருங்க, மொத்தம் எழுநூறு எண்ணூறு பேர், போகணும்னா நடக்கணும் இல்ல ஹெலிகாப்டர். அரிசி, கேஸ் சிலிண்டர், சிமெண்ட் மூட்டை எல்லாம் ஹெலிகாப்டர்ல வருது, குப்பைகூட அதுலதான் வெளிய போகுது. கரண்ட்டுக்கு சோலார். முன்னாடி தபால்காரர் இவ்ரான் போசேன்னு ஒருத்தர் 1951ல இருந்து 1991 வரைக்கும் நாப்பது வருஷம் இந்த ஊருங்களுக்கு எல்லாம் கால்நடையாவே கடுதாசி கொண்டு போயிருக்கார். மாஃபாத்ங்கறதே ஒரு ஆளோட பேரு, அடிமையா இருந்து தப்பிச்சு வந்து இங்க மறைஞ்சு வாழ்ந்த தலைவர். 1848 டிசம்பர் 20ல இந்தத் தீவுல அடிமைமுறை ஒழியற வரைக்கும் தப்பிச்சவங்களுக்கு இந்தச் செங்குத்துப் பாறைங்கதான் கோட்டை.

சரி, சர்வீசுக்கு வரேன். எங்க வழிகாட்டி அங்கயே பொறந்து வளர்ந்தவர், தனி ஆளாதான் செய்யறார், பேரை இங்க போடல, வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க. காலைல அஞ்சே காலுக்கு சேன்தாந்த்ரேல எங்களை ஏத்திக்கிட்டார். அவ்ளோ சீக்கிரம் எதுக்குன்னு எனக்கு முதல்ல எரிச்சல்தான், ஏன்னா முந்தின நாள் ஆபீஸ் முடிஞ்சு வந்து பை கட்டவே பன்னெண்டு மணி ஆயிடுச்சு. அவர் சொன்ன காரணம் என்னன்னா, கடல்ல இருந்து வர்ற காத்து வெயில் ஏற ஏற மலைச்சரிவுல மேல ஏறும், ஏறி குளிர்ந்து பத்து பத்தரைக்கு மேகமா நிக்கும், அப்புறம் பக்கத்துல இருக்கற ஆளே தெரிய மாட்டார், அதனால பார்க்க வேண்டியதை எல்லாம் பத்துக்குள்ள பார்த்துடணும். மூணு நாளும் அவர் சொன்ன மாதிரியே நடந்துச்சு.

சலாஸி வழியா ஏறினோம். அந்தப் பக்கம் கிழக்கு, ஈரக்காத்து நேரா வந்து மோதற இடம், எங்க பார்த்தாலும் அருவி, எங்க பார்த்தாலும் பந்தல்ல ஷுஷு. ஷுஷுன்னா வேற ஒண்ணும் இல்ல நம்ம சௌசௌதான், மாமா கார் ஜன்னல்ல இருந்தே கண்டுபிடிச்சுட்டார். அதுக்கும் மேல கொல் தே பெஃப் கணவாய் பக்கம் காட்டு ரோடு ஆரம்பிச்சதும் வண்டியை ஓரம் கட்டி ஒரு மூங்கிலைக் காட்டினார் வழிகாட்டி, கலுமேன்னு இங்க சொல்றாங்க, இந்தத் தீவைத் தவிர வேற எங்கயும் கிடையாது. கணுவுக்குக் கணு இலைங்க கொத்து கொத்தா உருண்டையா முளைச்சு, நுனி வளைஞ்சு தொங்குது, மாலை கட்டித் தொங்க விட்ட மாதிரி. பக்கத்துலயே மரம் மாதிரி வளர்ந்த பெரணி, ஃபான்ஜான். முன்னாடி அதோட தண்டை வெட்டி பூந்தொட்டி செஞ்சு வித்துருக்காங்க, ஆர்க்கிட் வளர்க்க நல்லா இருக்குமாம், இப்ப வெட்டக் கூடாது. கலுமே, ஃபான்ஜான் ரெண்டும் கூட்டமா இருந்தா அங்க வருஷம் பூரா ஈரம்னு அர்த்தம், அதை மனசுல வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டார்.

அதை எதுக்கு சொன்னார்னு கணவாய் மேல நின்னப்பதான் புரிஞ்சுது. கொல் தே பெஃப் 1,950 மீட்டர் சொச்சம், காவலோட உள்ள பார்க்கிங்ல வண்டியை விட்டுட்டு கொஞ்ச தூரம் ஏறினா வந்துடும். பின்னாடி திரும்பிப் பார்த்தா சலாஸி முழுக்க பால் கொட்டின மாதிரி மேகம், முன்னாடி மாஃபாத் துடைச்சு வெச்ச மாதிரி பளிச்சுனு கிடக்கு. மழைக்காத்து மலையைத் தாண்டும்போதே பாதி தண்ணியை சலாஸி பக்கம் கொட்டிடுது, மாஃபாத் மேற்குப் பக்கம் மறைவுல இருக்கறதால மிச்சம்தான் வருது. இறங்க இறங்க நீங்களே எண்ணிப் பாருங்க எத்தனை ஃபான்ஜான் இருக்குன்னு வழிகாட்டி சொன்னார். மாமா நிஜமாவே எண்ணினார், ரெண்டு கை விரலுக்குள்ள முடிஞ்சு போச்சு.

ஆனா மறைவுப் பக்கம்னா மழையே இல்லன்னு நினைச்சுடாதீங்க. புயல் வந்தா இந்தத் தீவு மலைங்க மேல பெய்யற மாதிரி உலகத்துல வேற எங்கயும் பதிவு இல்ல, 1966 ஜனவரில ஃபோக் ஃபோக்ங்கற இடத்துல ஒரே நாள்ல 1,825 மில்லிமீட்டர், 1980ல யாசேந்த் புயல் அப்ப பதினஞ்சு நாள்ல 6,083. நம்ம காரைக்கால்ல ஒரு வருஷத்துக்கு பெய்யறதை விட அதிகமா ஒரே நாள்ல கொட்டியிருக்கு, மாமா அந்த எண்ணை என்னை மூணு தடவை சொல்லச் சொன்னார். மாஃபாத் கீழ இருக்கற மண்ணு பாதி பழைய மலைச்சரிவு இடிஞ்சு குவிஞ்ச கல்லும் பொடியும்தான், அதை இந்த மழை வருஷா வருஷம் அறுத்துக்கிட்டே இருக்கு, அறுத்தது போக மிச்சம் நிக்கற தட்டையான துண்டு நிலத்துலதான் ஊர் இருக்கு. அதை இலெட்னு சொல்றாங்க, குட்டித் தீவுன்னு அர்த்தம். சுத்தி கடல் இல்ல, சுத்தி ஓடைப் பள்ளம்.

கணவாய்ல இருந்து இறங்கின உடனே வர்றது தமரேன் சமவெளி. எனக்கு இந்த மூணு நாள்ல பிடிச்ச இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க. தமரேன்னா பிரெஞ்சுல புளி. மாமா புளியமரம்னு நினைச்சுட்டு வந்து பார்த்து, இது புளி இல்லியேம்மா, வேலம் இனம் மாதிரில்ல இருக்குன்னார். சரியா சொன்னார், இது அகேசியா வகைதான். வழிகாட்டி ஒரு இளஞ்செடி கிட்ட உக்கார வெச்சார், முழங்கால் உயரம்கூட இருக்காது. அதோட அடி இலைங்க பொடிப்பொடியா புளியங்கொழுந்து மாதிரியே இருக்கு. கொஞ்சம் மேல பார்த்தா இலைக்காம்பு அகலமாகி தட்டையாகி, அது நுனில மட்டும் அந்தப் பொடி இலை ஒட்டிட்டு இருக்கு. இன்னும் மேல போனா பொடி இலையே இல்ல, அருவா மாதிரி வளைஞ்ச வெறும் காம்புதான் இலை வேலை செய்யுது. ஒரே செடில, ஒரு சாண் தூரத்துல, புளியிலை அருவா இலையா மாறறதை விரலால தடவிப் பார்க்கலாம். மாமா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுட்டு அஞ்சு நிமிஷம் அங்கயே உக்காந்துட்டார், நாப்பது வருஷம் செடி கொடியோட வேலை பார்த்த மனுஷன், அவர் முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

பெரிய மரங்க ஒண்ணுகூட நேரா நிக்கல. புயல்ல சாஞ்சு விழுந்திருக்கு, வேர் ஆழம் கிடையாது, ஆனா விழுந்தது சாகல, படுத்த தண்டுல இருந்தே புதுக் கிளை மேல எழும்பி அது தனி மரம் மாதிரி நிக்குது. கிளைல எல்லாம் பச்சையும் சாம்பலும் கலந்த தாடி மாதிரி லைக்கன் தொங்குது, கீழ புல்லு, புல்லுல மாடு மேயுது, மேகம் மரத்துக்கு நடுவுல புகுந்து வருது. இன்னொண்ணு சொன்னார், இந்த மரத்தோட மூதாதை ஹவாய்ல இருக்கற கோவா மரம்னு மரபணு பார்த்துக் கண்டுபிடிச்சிருக்காங்களாம், பதினெட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பூமிக்கு அந்தப் பக்கம். கடல்பறவை விதையைக் கொண்டு வந்திருக்கலாம்னு சொல்றாங்க. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கு. ஊர் வீடுங்கள்ல பழைய கூரைக்கும் சுவருக்கும் போட்ட மரச்செதில் எல்லாம் இந்த மரம்தான்.

லா நுவேல் வரைக்கும் மொத்தம் ரெண்டரை மணி நேரம் ஆச்சு, மாமா வேகத்துக்கு. பலகைல கம்மியா போட்டிருந்துச்சு, எங்க கணக்கு செடி பார்க்க நின்ன நேரமும் சேர்த்து. லா நுவேல் இங்க இருக்கறதுலயே பெரிய இலெட், ஸ்கூல், சின்ன சர்ச், பேக்கரி எல்லாம் உண்டு.

இங்கதான் ஒரு குறை சொல்லணும். தங்கற வீடு, இங்க ஜீத்னு சொல்வாங்க, வழிகாட்டி மூலமா இல்லாம நான் ஒரு ஆன்லைன் புக்கிங் சைட்ல தனியா போட்டேன், நாலு பேர் ரூம்னு காசு கட்டினேன், வெள்ளிக்கிழமை ஒருத்தருக்கு சைவம்னு குறிப்பும் எழுதினேன். போய்ப் பார்த்தா எட்டு கட்டில் போட்ட பெரிய ரூம், சாப்பாடு சாசேஜ் ருகாய்ங்கற கறிக் குழம்பு, சைவம்னு ஒரு தகவலும் அவங்களுக்குப் போகல. ஜீத் அம்மா மேல ஒரு தப்பும் இல்ல, சைட்ல இருந்து அவங்களுக்கு வந்த பேப்பரையே காட்டினாங்க. மாமா பரவாயில்லம்மா வெறும் சோறும் பீன்சும் போதும்னு சொல்லிட்டார், ஆனா அந்த அம்மா கேக்கல, பின்னாடி தோட்டத்துக்குப் போய் ஷுஷு கொழுந்து பறிச்சுட்டு வந்து பூண்டு இஞ்சி தட்டிப் போட்டு கால் மணி நேரத்துல கீரை வதக்கிக் குடுத்தாங்க. சௌசௌ கொழுந்தை சமைக்கலாம்னு எனக்கு இங்க வந்தப்புறம் தெரியும், மாமாவுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். அந்த சைட்டுக்கு மெயில் போட்டேன், இன்னும் பதில் இல்ல. அதனால என் யோசனை, ஜீத்துக்கு நேரா போன் பண்ணிப் பேசி புக் பண்ணுங்க, இல்லனா வழிகாட்டிகிட்டயே விட்டுடுங்க. ராத்திரி சாப்பாடு, படுக்கை, காலை டிபனோட ஆளுக்கு 50 யூரோ கிட்ட ஆச்சு. எல்லாம் ஹெலிகாப்டர்ல வர்ற சாமான், அந்த விலைக்குக் குறை சொல்ல மாட்டேன்.

ரெண்டாம் நாள் மர்லா. 1,600 மீட்டருக்கு மேல, மாஃபாத்லயே உயரமான ஊர். லா நுவேல்ல இருந்து போற வழில ஒரு இடத்துல காடு திடீர்னு அமைதி ஆயிடுச்சு, கால் கீழ மெத்து மெத்துனு, பறவைச் சத்தம் இல்ல, வேற செடி ஒண்ணும் முளைக்கல. மாமா தலையைத் தூக்கிப் பார்த்துட்டு சவுக்கும்மா இது, நம்ம கடற்கரை சவுக்குன்னார். ஃபிலாவோன்னு வழிகாட்டி சொன்னார், ரெண்டு பேரும் ஒரே மரத்தைத் தட்டிக்கிட்டே ரெண்டு பாஷைல பேரைச் சொல்லிக்கிட்டாங்க. மண்ணு சரியாம இருக்க வனத்துறை நட்டது. சரிவைப் பிடிச்சுக்குது, அது உண்மை, ஆனா கீழ ஊசி ஊசியா கொட்டி மெத்தை போட்டுடறதால அடில வேற ஒண்ணும் வர மாட்டேங்குது. அதைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் நட்ட காடு எது, தானா வளர்ந்த காடு எதுன்னு எனக்கே தெரிய ஆரம்பிச்சுது.

வழி நெடுக சின்ன சிவப்புக் கொய்யா, கோயாவியே, ஜூன்ல சீசன், பறிச்சு பறிச்சு தின்னோம், புளிப்பும் இனிப்புமா நல்லா இருக்கு. ரோட்டோரத்துல கிலோ கணக்குல விக்கறதை எல்லாரும் வாங்கறோம். ஆனா இது பிரேசில் பக்கம் இருந்து வந்த செடி, இந்தத் தீவுக் காட்டை விழுங்கிட்டு இருக்கற செடிங்கள்ல முக்கியமானது. நிழல்லயும் முளைக்குது, பறவை விதையைப் பரப்புது, அடர்த்தியா வளர்ந்து உள்ளூர் கன்னு எதையும் எழும்ப விடறதில்ல. சாப்பிடுங்க, ஆனா விதையை வழில துப்பாதீங்க, பைல போடுங்கன்னு வழிகாட்டி ஒரு கவரை நீட்டினார். மூணு நாளும் அந்தக் கவரைக் கைல வெச்சிருந்தார். மாய்தோ மேல 2010லயும் 2011லயும் பெரிய தீ பிடிச்சதே, அங்க எரிஞ்ச இடத்துல மஞ்சப் பூ முள்ளுச்செடி அஜோன் ஏறி வந்துட்டு இருக்கு, அதையும் மர்லால இருந்து கை காட்டி விளக்கினார். இந்த இடம் எல்லாம் 2007ல இருந்து தேசியப் பூங்கா, 2010ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. மாமா ஒரு தமரேன் கன்னு ஊருக்கு எடுத்துட்டுப் போலாமான்னு ஆசையா கேட்டார், நான் தயங்கித் தயங்கி பிரெஞ்சுல சொன்னேன், அவர் தோளைத் தொட்டு, தோந்தோன், அது இங்கதான் பொழைக்கும், எடுக்கவும் கூடாதுன்னு மரியாதையா சொன்னார். தோந்தோன்னா இங்க பெரியவங்களைக் கூப்பிடற மாமா.

பையை மர்லால வெச்சுட்டு மத்தியானம் த்ருவா ரோஷ் வரைக்கும் இறங்கினோம். ஆறு வழவழன்னு சாம்பல் பாறை மேல ஒரு விரல் ஆழத்துல பரவி ஓடி வந்து, திடீர்னு ஒரு பிளவுக்குள்ள விழுந்து காணாம போகுது. விளிம்பு கிட்ட போகாதீங்க, பாறை வழுக்கும், குழந்தைங்க இருந்தா கையை விடவே கூடாது. மேகம் வந்துட்டதால போட்டோ சரியா வரல.

மூணாம் நாள் காலைல மர்லால பேசினா வாய்ல புகை வருது, அவ்ளோ குளிர். ஜூன் ஜூலைல போறவங்க நல்ல ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, தீவுதானேன்னு நினைச்சு வந்த ரெண்டு பிரான்ஸ்காரங்க ராத்திரி பூரா நடுங்கினாங்க. தாயிபித் கணவாய் 2,081 மீட்டர், ஏற ஏற தமரேன் குள்ளமாகி நின்னு போச்சு, அப்புறம் இடுப்பு உயரம் தலை உயரத்துக்கு பிரான்ல்ங்கற புதர், இலை ஊசி மாதிரி, பச்சை ஒண்ணு, வெளுத்த சாம்பல் நிறத்துல ஒண்ணு. தண்ணி சேமிக்க இலையைச் சுருக்கிக்கிச்சு, உயரத்துல காத்தும் வெயிலும் குளிரும் ஒண்ணா அடிக்குது இல்ல. தெக் தெக்னு கத்தற குட்டிப் பறவை, அது பேரே தெக் தெக், இந்தத் தீவுக்கு மட்டும் சொந்தம், எங்களுக்கு முன்னாடி புதருக்குப் புதர் தாவி வந்துச்சு, கையெட்டற தூரம், பயமே இல்ல. மேல பபாங் பருந்து ஒண்ணு வட்டம் போட்டுச்சு.

சிலாவோஸ் பக்கம் இறக்கம் செங்குத்து, படி படியா, மாமாவுக்கு முழங்கால் வலி எடுத்துருச்சு. புக் பண்ணும்போது வழிகாட்டியோட விவரத்துல நடுத்தரம்னு போட்டிருந்தார், ஏத்தத்துக்கு அது சரி, இந்த இறக்கத்தைத் தனியா எழுதியிருக்கணும், 60 தாண்டினவங்க வர்றாங்கன்னா கட்டாயம் எழுதியிருக்கணும். அவர்கிட்ட நேராவே சொன்னேன், கேட்டுக்கிட்டார், தன்னோட ரெண்டு தடியையும் மாமா கைல குடுத்து, அவர் பையையும் வாங்கி மாட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் ஒரு படி முன்னாடியே இறங்கினார். நடுவுல ஒரு குடில்ல மூலிகைக் கஷாயம் குடுத்தாங்க, சூடா, நல்லா இருந்துச்சு. ரோட்டுக்கு வந்து சேர பதினொண்ணரை ஆச்சு, அங்க இருந்து வளைவுக்கு மேல வளைவு, நானூறு வளைவுன்னு சொல்ற ரோடு, வாந்தி வர்றவங்க மாத்திரை போட்டுக்கங்க.

மார்க் போடணும்னா வழிகாட்டிக்கு அஞ்சுக்கு நாலரை, அரை மார்க் அந்த இறக்கத்துக்காக. ஜீத் ரெண்டுக்கும் முழு மார்க். புக்கிங் சைட்டுக்கு ஒண்ணு. அக்டோபர்ல கிராண்ட் ரெய்டு ஓட்டப்பந்தயம் நடக்கற வாரம் ஜீத் கிடைக்கறது கஷ்டம், ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் புயல் மழை காலம், பாதையை மூடிடுவாங்க, மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் பாருங்க. சனி ஞாயிறு அவருக்கு சீக்கிரம் நிறைஞ்சுடுது. ஆகஸ்ட்ல என் தம்பி குடும்பம் வருது, இந்தத் தடவை ஓரேர் பக்கம் கீழ் மாஃபாத், அங்க இன்னும் வறண்ட செடிங்க வேற மாதிரி இருக்குமாம், அவர்கிட்டயே சொல்லி வெச்சுட்டேன், ஜீத்தும் அவர் பொறுப்புதான்.